எல்லார் கையிலும் போன் இருக்கு, ஆபத்து நேரத்தில் லைன் எங்கே?



மகா சிவராத்திரிக்கு நம்ம தோட்டங்களில் இருந்து திருக்கேதீஸ்வரத்துக்கு பஸ் போட்டுப் போகும் பழக்கம் உங்களுக்குத் தெரியும். மன்னார்க் கரையில், பழைய மாதோட்டத்தில் இருக்கிற அந்தக் கோயிலுக்கு நாடு முழுக்க இருந்து சனம் வரும். பாலாவித் தீர்த்தத்தில் தண்ணீர் மொண்டு வந்து மகாலிங்கத்துக்கு நம்ம கையாலேயே ஊற்றலாம் என்பதுதான் அங்கே விசேஷம். அதற்காகவே கால் கடுக்க வரிசையில் நிற்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் நானும் ஒரு பஸ்ஸுக்குப் பொறுப்பாகப் போயிருந்தேன். இராத்திரி பதினொரு மணி இருக்கும். எங்கள் கூட்டத்தில் எழுபது வயசுக்கு மேற்பட்ட ஒரு பாட்டி. விரதம் என்று காலையில் இருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சீனி வருத்தக்காரர், மாத்திரையும் போடவில்லை. வரிசையில் நின்றவர் அப்படியே சரிந்து விட்டார். நான் போனை எடுத்து அடித்தேன். போகவில்லை. பக்கத்தில் இருந்த பையன் அவன் போனில் அடித்தான், அதுவும் போகவில்லை. நாலு பேர் நாலு கம்பனி சிம்மில் முயற்சி செய்தோம். "டொக் டொக்" என்று சத்தம் வந்து கட் ஆகிறதே தவிர லைன் கிடைக்கவில்லை. ஆனால் போன் முகப்பில் சிக்னல் கோடுகள் எல்லாம் முழுசாகத்தான் நின்றன!

அப்போது அந்தப் பக்கமாக வந்த ஒரு தொண்டர் தம்பி இடுப்பில் இருந்த வோக்கி டோக்கியை எடுத்தார். "பாலாவி மேற்குப் பக்கம், வயசான அம்மா, மயக்கம், ஸ்ட்ரெச்சர் வேணும்." அவ்வளவுதான் சொன்னார். எங்களைப் பார்த்து, "பயப்பிடாதேங்கோ, இப்ப வந்திடுவினம்" என்றார். அதே போல் கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தார்கள். பாட்டி பிழைத்து, விடியக் காலையில் எழும்பி, "என் குடத்த எங்கடா வச்சீங்க?" என்று எங்களையே ஏசினார்.

வரும் வழியெல்லாம் பஸ்ஸில் இதே கதைதான். "என்னங்கய்யா, ஆயிரக்கணக்கில காசு குடுத்து வாங்கின போனு வேலை செய்யல, அந்தத் தம்பி கையில இருந்த கறுப்புப் பெட்டி வேலை செஞ்சிருச்சே?" என்று ஒரு அக்கா கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு விசாரித்தும் வாசித்தும் தெரிந்து கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம லயத்துப் பீலியை நினைத்துக் கொள்ளுங்கள். சாதாரண நேரத்தில் இரண்டு மூன்று பேர் குடம் வைப்பார்கள், எல்லாருக்கும் தண்ணீர் கிடைக்கும். பிரட்டுக்கு முந்திய நேரத்தில் நாற்பது குடும்பமும் ஒரே அடியாய் வந்தால்? பீலி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் உங்கள் குடத்துக்கு இடம் கிடைக்காது. போன் டவரும் அப்படித்தான். ஒரு டவர் ஒரே நேரத்தில் இத்தனை பேருக்குத்தான் பேச இடம் கொடுக்கும் என்று கணக்கு இருக்கிறது. ஊர்ச் சனத்துக்காக வைத்த டவரில் திருவிழாச் சனம் முழுக்க விழுந்தால் நெரிசல் வரத்தான் செய்யும். சிக்னல் கோடு டவர் பக்கத்தில் இருக்கிறது என்று மட்டும்தான் காட்டும். பேச இடம் இருக்கா இல்லையா என்று காட்டாது.

வோக்கி டோக்கிக்கு டவர் இல்லாமலும் வழி உண்டு. ஒரு பெட்டியில் இருந்து இன்னொரு பெட்டிக்கு நேராகவே அலை போகும். ஒருவர் பொத்தானை அமுக்கிப் பேசினால், அதே அலைவரிசையில் இருக்கிற எல்லாரும் கேட்பார்கள். நம்பர் அடிக்கத் தேவையில்லை, மற்றவர் எடுக்கும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. அதனால்தான் பொலிசும் தீயணைப்புப் படையும் இராணுவமும் இத்தனை வருஷமாக அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். ஆனால் அதிலும் குறை இருக்கிறது. குரல் மட்டும்தான் போகும். காயப்பட்டவரின் படத்தை ஆஸ்பத்திரி டொக்டருக்கு அனுப்ப முடியாது, வெள்ளம் எங்கே நிற்கிறது என்று வரைபடம் பார்க்க முடியாது. மலை குறுக்கே வந்தால் அலை நின்று விடும். இதை நம்ம மலைநாட்டில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்னொரு பெரிய குறை, பொலிசின் அலைவரிசை வேறு, தீயணைப்புக்காரரின் அலைவரிசை வேறு. பக்கத்தில் நின்றாலும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது.

இந்தக் குறை எவ்வளவு பொல்லாதது என்று அமெரிக்காவில் 2001 செப்டெம்பர் 11ஆம் திகதி தெரிந்தது. நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரத்தில் விமானங்கள் மோதின. முதலில் தெற்குக் கோபுரம் விழுந்தது. வடக்குக் கோபுரம் விழ 29 நிமிஷம் இருந்தது. மேலே பறந்த பொலிஸ் ஹெலிகொப்டரில் இருந்தவர்கள் அந்தக் கோபுரமும் தாங்காது என்று கண்டு தங்கள் ரேடியோவில் சொன்னார்கள். பொலிஸ்காரருக்குக் கேட்டது. கோபுரத்துக்குள் ஏறிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களின் ரேடியோ வேறு. அவர்களில் பலருக்கு "இறங்கி வாருங்கள்" என்ற கட்டளையே சரியாகப் போய்ச் சேரவில்லை. அன்றைக்கு மட்டும் 343 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு அங்கே நீண்ட விவாதம் நடந்து, 2012இல் சட்டம் போட்டு, உதவிக்கு முதலில் ஓடுகிறவர்களுக்கென்றே நாடு தழுவிய ஒரு கம்பியில்லா வலையமைப்பை ஆரம்பித்தார்கள். அதன் பெயர் பர்ஸ்ட்நெட். 2017இல் அதைக் கட்டும் பொறுப்பை ஏடி அண்ட் டி என்ற டெலிபோன் கம்பனிக்குக் கொடுத்தார்கள். பொலிஸ், தீயணைப்பு, அம்புலன்ஸ் மூன்றும் ஒரே வலையில் வந்தன.

கொரியாவிலும் ஒரு சாவு வீடு நடந்த பிறகுதான் கண் திறந்தது. 2014 ஏப்ரல் 16இல் செவோல் என்ற கப்பல் கவிழ்ந்து 304 பேர் போனார்கள். பெரும்பாலோர் சுற்றுலா போன பள்ளிக்கூடப் பிள்ளைகள். காப்பாற்றப் போன படைகளுக்குள் பேச்சுத் தொடர்பு சரியில்லை என்று அங்கே பெரிய கொதிப்பு எழுந்தது. அந்த நாடு 2021இல் எல்லாப் படைக்கும் பொதுவான ஒரு வலையமைப்பைக் கட்டி முடித்தது.

இந்தப் புது வகை வலையைத்தான் "புரோட்பேண்ட்" என்று சொல்கிறார்கள். அகலமான பாதை என்று அர்த்தம் வைத்துக் கொள்ளலாம். வோக்கி டோக்கி நம்ம தேயிலை மலையில் இருக்கிற ஒற்றையடிப் பாதை என்றால், இது லொறி போகிற ரோட்டு. குரல், படம், வீடியோ, வரைபடம் எல்லாம் அதில் போகும். அம்புலன்சில் படுத்திருக்கிறவரின் இருதயத் துடிப்புக் கோட்டை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும் போதே ஆஸ்பத்திரியில் பார்க்கலாம்.

இதில் வேறு இரண்டு தந்திரமும் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தவை. திரும்பவும் பீலிக்கு வாங்க. லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, மருத்துவிச்சி தண்ணீருக்கு ஆள் அனுப்பி இருக்கிறார். நாம் என்ன செய்வோம்? "நீ முதல்ல புடி" என்று வழி விடுவோம். வலையமைப்பும் உதவிக்காரரின் போனை அடையாளம் கண்டு முதலில் இடம் கொடுக்கும். இது முதல் தந்திரம். இடமே இல்லை என்றால், ஓடிக்கொண்டிருக்கிற குடத்தை எடுத்து ஓரமாக வைத்து விட்டு அவருக்குக் கொடுப்பது இரண்டாவது தந்திரம். யாரோ படம் பார்த்துக் கொண்டிருப்பதை நிறுத்தி விட்டுத் தீயணைப்பு வீரருக்கு லைன் கொடுக்கும். இதற்கும் மேலாக, அவர்களுக்கென்றே ஒரு தனிப் பீலியும் அமெரிக்காவில் வைத்திருக்கிறார்கள். 700 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் அலைவரிசையில் ஒரு துண்டைச் சட்டப்படி ஒதுக்கி இருக்கிறார்கள். அந்தப் பக்கத்து அலை, மேலே உள்ள அலைகளை விடத் தூரம் போகும், சுவரையும் ஓரளவு கடக்கும்.

சாதாரண போன் மாதிரியான கருவியையே வோக்கி டோக்கி போல அமுக்கிப் பேச வைக்கும் முறைக்கு 2016இல் உலகப் பொது விதிமுறையும் வந்து விட்டது. ஆனாலும் அந்த நாட்டுத் தீயணைப்பு வீரர்கள் பழைய ரேடியோவைக் கழற்றி வைக்கவில்லை. டவர் விழுந்தால் புரோட்பேண்ட் கருவி ஊமை. பழைய பெட்டியோ நேருக்கு நேர் பேசும். புதுசு வந்தது என்று பழசை வீசுவது புத்தியில்லை என்று அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது.

டவர் ஏன் சாகிறது என்றும் சொல்ல வேண்டும். டவருக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பெட்டரியில் சில மணித்தியாலம் ஓடும், பிறகு ஜெனரேட்டர், அதற்கு டீசல். ரோட்டு உடைந்தால் டீசல் போகாது. அடுத்தது, டவரில் இருந்து நிலத்துக்கு அடியிலோ தூணிலோ போகிற பைபர் கேபிள். மண் சரிந்தால் அதுவும் அறுந்து விடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் இதுதான் நடந்தது. 600 பேருக்கு மேல் இறந்த அந்த அனர்த்தத்தில் கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கம் மலை சரிந்தது, மன்னார்ப் பக்கம் வெள்ளம். கரண்ட் போய், கேபிள் அறுந்து, எத்தனையோ டவர்கள் அணைந்தன. பிள்ளை கொழும்பில் வேலை செய்கிறது, தாய் தோட்டத்தில் இருக்கிறார், உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமல் நாள் கணக்கில் தவித்தவர்கள் இதை வாசிக்கிறவர்களிலேயே இருப்பீர்கள். இப்படி நேரத்துக்கென்று வண்டியில் ஏற்றிக் கொண்டு போகும் சின்ன டவரும், ஆகாயத்தில் இருக்கிற செய்மதியோடு நேராகப் பேசும் தட்டும் இருக்கின்றன. ஸ்டார்லிங்க் என்ற செய்மதிச் சேவை நம் நாட்டில் 2025 ஜூலையில் தொடங்கியது. அதற்கு நிலத்தில் கேபிள் தேவையில்லை, ஆனால் கரண்ட் தேவை.

மன்னார்க் கரைக்கு இந்தப் பாடம் புதிது அல்ல. தலைமன்னாருக்கு நேர் எதிரே கடலுக்கு அந்தப் பக்கம் தனுஷ்கோடி. 1914இல் இருந்து இரண்டுக்கும் இடையே கப்பல் ஓடியது. நம்ம தாத்தா பாட்டிமார் பலர் வந்து இறங்கியதும், பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்து பலர் அழுதுகொண்டு திரும்பிப் போனதும் இந்தத் தலைமன்னார் வழியாகத்தான். அந்த ஒப்பந்தத்துக்கு இரண்டு மாசம் கழியும் முன்னே, 1964 டிசெம்பர் 22 இராத்திரி பெரும் புயல் அடித்தது. தந்திக் கம்பி, டெலிபோன் கம்பி எல்லாம் அறுந்தன. பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயில் கிட்ட வந்தும் சிக்னல் கிடைக்காமல் இருட்டில் நின்றது. கொஞ்சம் பார்த்து விட்டு, சாரதி விசில் ஊதி வண்டியை எடுத்தார். கடல் அலை முழு வண்டியையும் அடித்துக் கொண்டு போய், உள்ளே இருந்த நூற்றுக்கு மேற்பட்டவர்கள் போனார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று அந்த சாரதிக்குச் சொல்ல ஒரு வழி இருந்திருந்தால்...

2020 டிசெம்பர் 2இல் புரேவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, வன்னியைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குப் போனது. அப்போது முன்கூட்டியே செய்தி வந்தது. கிழக்கிலே ஆயிரக்கணக்கான சனத்தை நேரத்தோடு பாதுகாப்பான இடங்களுக்கு மாற்ற முடிந்தது.

2004 சுனாமியையும் சொல்லாமல் விட முடியாது. போன் எல்லாம் செத்த நேரத்தில், இலங்கை ரேடியோ சங்கத்தைச் சேர்ந்த அமெச்சூர் ரேடியோக்காரர்கள், பொழுதுபோக்குக்கு வைத்திருந்த பெட்டிகளைத் தூக்கிக் கொண்டு அம்பாந்தோட்டைக்குப் போய்ச் செய்தி அனுப்பினார்கள். பிறகு சர்வோதயமும் லேர்ன்ஏசியா என்ற ஆய்வு நிறுவனமும் சேர்ந்து 32 கரையோரக் கிராமங்களில் போன், செய்மதி ரேடியோ, அலாரப் பெட்டி என்று பலவற்றைச் சோதித்துப் பார்த்தன. ஒரே கருவியை நம்பக் கூடாது, ஒன்றுக்கு ஒன்று துணையாக இரண்டு வேண்டும் என்பது அதில் கிடைத்த பெரிய பாடம். 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது. 2009இல் டயலொக் கம்பனியும் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மைக்ரோஇமேஜ் நிறுவனமும் சேர்ந்து, போனுக்கு அபாய அறிவித்தல் அனுப்பும் ஒரு முறையை அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்காகச் செய்தன. அதில் செல் புரோட்காஸ்ட் என்று ஒரு வழி இருக்கிறது. டவர் ஒரே குரலில் கத்தும், அந்த எல்லைக்குள் இருக்கிற எல்லாப் போனும் கேட்கும். கோயில் மணி மாதிரி. பத்துப் பேர் கேட்டாலும் பத்தாயிரம் பேர் கேட்டாலும் டவருக்குச் சுமை ஒன்றுதான், அதனால் நெரிசலில் சிக்காது.

நம்ம கையில் இன்றைக்கு இருக்கிறதில் பெரியது 1990 சுவசெரிய அம்புலன்ஸ். 2016இல் இந்திய உதவியில் 88 வண்டியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. பிறகு 209 வண்டி சேர்ந்து மொத்தம் 297 ஆகி, வடக்கு, மலையகம் என்று நாடு முழுக்க வந்தது. காசு இல்லை. வண்டி எங்கே நிற்கிறது என்று ஜி.பி.எஸ். மூலம் தலைமை நிலையத்தில் தெரியும். ஆனால் உங்கள் லயம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்! நான் பார்த்த வரையில் நம்ம ஆட்கள் "எங்க தோட்டத்துக்கு வாங்க, சீக்கிரம் வாங்க" என்று சத்தம் போட்டு விட்டு வைத்து விடுகிறார்கள். தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்த டிவிஷன், மெயின் ரோட்டில் எந்தச் சந்தியில் திரும்ப வேண்டும், வண்டி எது வரை வரும் என்று சொல்ல வேண்டும். சந்திக்கு ஒரு பையனை டோர்ச்சோடு அனுப்ப வேண்டும். நோயாளிக்கு மூச்சு இருக்கா, பேசுகிறாரா என்று கேட்பார்கள், அதற்கும் பதில் சொல்லும் வரை போனை வைக்கக் கூடாது.

நெரிசல் நேரத்தில் அழைப்பு போகாவிட்டால் சொந்தக்காரருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். குறுஞ்செய்திக்கு மிகச் சின்ன இடம் போதும். உடனே போகாவிட்டாலும் வரிசையில் நின்று பிறகு போய்ச் சேரும். வெள்ளம், மண்சரிவு நேரத்தில் வீடியோ எடுத்து அனுப்பிக் கொண்டிருக்கிற தம்பிமாருக்கு ஒரு வார்த்தை: உங்கள் வீடியோ ஓடுகிற அதே பீலியில்தான் பக்கத்து லயத்துக்காரர் 1990க்கு அடித்துக் கொண்டிருக்கிறார்.

மண்சரிவுக்கு வருகிறேன். இது நம்ம வீட்டுக் கதை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை யாரும் மறக்கவில்லை. அந்த இடம் ஆபத்து என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. ஆக, செய்தி அனுப்பும் மெஷின் மட்டும் போதாது. செய்தி வந்த பிறகு போய் இருக்க ஒரு இடமும் வேண்டும், அதை யார் கொடுப்பது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் பல தோட்டங்களில் இருக்கிறது. நலன்புரி உத்தியோகத்தர் இதை எழுதலாமா என்று கேட்காதீர்கள், எழுதாமல் இருக்க முடியவில்லை.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மலைப் பகுதிகளில் தானாக மழை அளக்கும் கருவிகளை வைத்திருக்கிறது. அவை போன் வலை மூலம் கணக்கை அனுப்பும். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் கவனம், 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற வேண்டும். டவர் செத்து அந்தச் செய்தி வராமல் போனாலும் நீங்களே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு டின்னைத் திறந்த வெளியில் மரத்துக்கு அப்பால் வையுங்கள். ஸ்கூல் அடிமட்டத்தை உள்ளே விட்டுப் பாருங்கள். 15 சென்ரிமீற்றர் வந்தால் அதுதான் 150 மில்லிமீற்றர், அடிமட்டத்தில் பாதி. இராத்திரி என்றாலும் யாரையும் எதிர்பாராமல் லயத்தை விட்டு இறங்குங்கள். சுவர் வெடித்தாலோ, ஊற்றில் திடீரென்று சேற்றுத் தண்ணீர் வந்தாலோ டின்னைப் பார்க்கவும் தேவையில்லை.

பெட்டரி போட்ட ஒரு ரேடியோவைப் பழசு என்று வீசாதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, பொலிசின் 119, அம்புலன்சின் 1990 மூன்றையும் சுவரில் கரிக்கட்டியால் என்றாலும் எழுதி வையுங்கள். போனில் சேமித்து வைத்தால் சார்ஜ் இல்லாத நேரத்தில் யார் போனில் பார்ப்பது?

அடுத்த சிவராத்திரி பஸ்ஸுக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்கள், தோட்டம், டிவிஷன், வீட்டுக்காரர் ஒருவரின் போன் நம்பர், குடிக்கிற மாத்திரையின் பெயர் நாலையும் ஒரு துண்டில் எழுதிச் சட்டைப் பையிலோ சேலை முந்தானையிலோ முடிந்து கொண்டு வரவும். கோயிலுக்குள் போகும் முன் எல்லாரும் கூட வேண்டிய இடத்தை பஸ்ஸிலேயே சொல்லி விடுவேன், அங்கே போனை நம்ப வேண்டாம். சீனி வருத்தக்காரர் விரதம் இருப்பதென்றால் முதலில் நம்ம டிஸ்பென்சரி ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டு விட்டு வரவும். பாட்டிக்கு முன் சீட் ஒதுக்கியாச்சு.